ராபர்ட் மோக்

ராபர்ட் ஆர்தர் மோக் (மே 23, 1934 – ஆகஸ்ட் 21, 2005) அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த பொறியியலாளரும் மின்னணு இசைக்கருவி வடிவமைப்பாளரும் ஆவார். சிந்தசைசர் எனப்படும் இசைத்தொகுப்பியை ஆய்வுக்கூடத்திலிருந்து இசைக்கலைஞர்களின் கைக்குக் கொண்டுவந்தவர்களுள் இவர் முதன்மையானவர். இவருடைய நிறுவனம் உருவாக்கிய மினிமோக் என்னும் சிறிய சிந்தசைசர், இசைக்குழுக்கள் மேடைக்கு எடுத்துச் செல்லக்கூடியதாகவும், அதற்கு முந்தைய கருவிகளைவிடப் பெருமளவு விலை குறைந்ததாகவும் இருந்தது. அதன் தடித்த, சற்றே உருத்திரிந்த ஒலி இன்றளவும் பல கருவிகளுக்கு முன்மாதிரியாக விளங்குகிறது. இவரது குடும்பப் பெயரை மூக் என்று பலர் ஒலிப்பதுண்டு. ஆயினும் மோக் என்ற ஒலிப்பையே இவர் விரும்பினார்.

இளமையும் கல்வியும்

மோக் நியூயார்க் நகரில் பிறந்து, அந்நகரின் குயின்சு பகுதியில் வளர்ந்தார். இவருடைய தந்தையார் மின் வழங்கல் நிறுவனம் ஒன்றில் பொறியியலாளராகப் பணியாற்றினார். தாயார் மகனைப் பியானோ கலைஞனாக்க விரும்பிப் பல ஆண்டுகள் பயிற்சி பெறச் செய்தார். ஆனால் சிறுவனின் ஆர்வம் தந்தையின் பட்டறையிலேயே இருந்தது. 14 ஆவது வயதளவில், இதழ் ஒன்றில் வெளியான வரைபடத்தைக் கொண்டு தெரமின் என்னும் கருவியை மோக் தாமே செய்தார். தெரமின் என்பது கையால் தொடாமல், காற்றில் கைகளை அசைத்து இசைக்கப்படும் மின்னணு இசைக்கருவி ஆகும். இதனை உருசிய அறிவியலாளர் லியோன் தெரமின் கண்டுபிடித்தார்.

பிராங்க்சு அறிவியல் உயர்நிலைப் பள்ளியில் படிப்பை முடித்த மோக், குயின்சு கல்லூரியில் இயற்பியலும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலும் கற்றார். பின்னர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1965 இல் பொறியியல் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார்.

தெரமின் தொழில்

1953 இல், தமது 19 ஆவது வயதில், மோக் தந்தையுடன் சேர்ந்து தெரமின் செய்து விற்கும் சிறு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். 1961 இல் டிரான்சிஸ்டர்களைக் கொண்டு இயங்கும் தெரமின் ஒன்றைப் பற்றி மின்னணுவியல் இதழில் கட்டுரை எழுதினார். அக்கட்டுரையை ஒட்டி, வாங்குவோர் தாமே பொருத்திக்கொள்ளும் தெரமின் தொகுதிகளை ஏறத்தாழ 50 டாலர் விலையில் விற்றார். சுமார் 1,000 தொகுதிகள் விற்பனையாயின. குறைந்த விலையில் கருவி கிடைத்தால் அதனை வாங்குவோர் உள்ளனர் என்பதை இம்முயற்சி காட்டியது. 1963 இல் நியூயார்க் மாநிலத்தின் டிரமன்சுபர்க் என்னும் சிற்றூரில் தமது பட்டறையை அமைத்தார்.

சிந்தசைசரின் பிறப்பு

1963 இன் இறுதியில் ரோச்செஸ்டர் நகரில் நடந்த இசை ஆசிரியர் மாநாட்டில், எர்பர்ட் டாய்ச் என்னும் இசையமைப்பாளரை மோக் சந்தித்தார். அக்காலத்தில் மின்னணு இசையமைப்பது மிகக் கடினமான பணியாகும். ஒலிகளைத் தனித்தனியே நாடாவில் பதிந்து, நாடாவை வெட்டி ஒட்டியே இசையை உருவாக்க வேண்டியிருந்தது. இதற்கு எளிய வழி தேடி இருவரும் 1964 இல் இணைந்து பணியாற்றினர்.

மோக் கையாண்ட தீர்வு மின்னழுத்தக் கட்டுப்பாடு ஆகும். ஒலியை உண்டாக்கும் அலையியற்றி, ஒலியின் தன்மையை மாற்றும் வடிப்பான், ஒலியின் அளவை மாற்றும் பெருக்கி ஆகிய மூன்றையும் கையால் திருகுவதற்கு மாறாக, மின்னழுத்தத்தைக் கொண்டே கட்டுப்படுத்தலாம் என்பது இதன் அடிப்படை. மோக்கின் கருவிகளில் மின்னழுத்தம் ஒரு வோல்ட் கூடினால் சுரம் ஒரு ஸ்தாயி மேலே செல்லும், அதாவது அதிர்வெண் இரு மடங்காகும். இம்முறையைப் பின்னர் பிற நிறுவனங்களும் பின்பற்றின. இதே காலத்தில் கலிபோர்னியாவில் டொனால்டு புக்லா என்பவரும் தனித்து இத்தகைய கருவியை உருவாக்கினார் என்பது குறிப்பிடத்தக்கது. ஆனால் புக்லா பியானோ வகை விசைப்பலகையை விரும்பவில்லை. மோக் அதனை ஏற்றுக்கொண்டதால், விசைப்பலகை பழகிய கலைஞர்கள் இவரது கருவியை எளிதில் கையாள முடிந்தது.

1964 அக்டோபரில் ஒலிப்பொறியியல் கழகத்தின் மாநாட்டில் மோக் தமது கருவியைக் காட்சிக்கு வைத்தார். தொடக்ககால வாடிக்கையாளர்களுள் நடன அமைப்பாளர் ஆல்வின் நிக்கோலாயும் ஒருவர். வெண்டி கார்லோசு இக்கருவியில் பாக் என்னும் செருமானிய இசையமைப்பாளரின் படைப்புகளை இசைத்து 1968 இல் வெளியிட்ட இசைத்தட்டு பெரும் விற்பனை கண்டு, மூன்று கிராமி விருதுகளைப் பெற்றது. 1969 இல் பீட்டில்சு குழுவினரும் தமது ஆபி ரோடு இசைத்தட்டில் இதனைப் பயன்படுத்தினர். அதே ஆண்டில் அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலும் ஒரு மோக் சிந்தசைசர் நிறுவப்பட்டது. அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் அங்கு வந்து இதனை அமைத்துத் தந்தார்.

விலையும் பயன்பாட்டுச் சிக்கலும்

இக்கருவிகள் தனித்தனி அலகுகளால் ஆனவை. அலகுகளைக் கம்பிகளால் ஒன்றோடொன்று இணைத்த பின்னரே ஒலி எழும். ஓர் ஒலியிலிருந்து வேறோர் ஒலிக்கு மாற வேண்டுமெனில் கம்பிகளைப் பிடுங்கி மாற்ற வேண்டும். அலமாரி போன்ற அமைப்பினால் எடுத்துச் செல்வதும் கடினம். விலையோ பல ஆயிரம் டாலர். ஆகவே பல்கலைக்கழகங்களும் ஒலிப்பதிவுக் கூடங்களும் வசதி படைத்த சில கலைஞர்களுமே இவற்றை வாங்கினர். விற்பனை குறைந்து நிறுவனம் கடனில் சிக்கியது.

மினிமோக்

1970 இல் நிறுவனப் பொறியியலாளர் பில் எம்சாத், பட்டறையில் எஞ்சிக் கிடந்த உதிரிப் பாகங்களைக் கொண்டு, உணவு இடைவேளைகளில் ஒரு சிறிய சிந்தசைசரை அமைத்தார். கம்பி இணைப்புகள் தேவைப்படாதவாறு எல்லா அலகுகளும் உள்ளேயே நிலையாக இணைக்கப்பட்டிருந்தன. மோக்கிற்குத் தொடக்கத்தில் இதன் விற்பனை வாய்ப்பில் பெரிய நம்பிக்கை இல்லை. எனினும் நிறுவனம் மூடப்படுமோ என்று அஞ்சிய பொறியியலாளர்கள் இம்முயற்சியைத் தொடர்ந்தனர். அடுத்தடுத்த மாதிரிகளுக்குப் பின் டி மாதிரி விற்பனைக்கு வந்தது.

இதில் மூன்று அலையியற்றிகளும் ஒரு வடிப்பானும் 44 விசைகளும் இருந்தன. ஒரு நேரத்தில் ஒரு சுரத்தை மட்டுமே இசைக்க இயலும். இடப்புறம் இருந்த இரு சக்கரங்களுள் ஒன்றால் சுரத்தை வளைக்கலாம், மற்றொன்றால் அதிர்வு சேர்க்கலாம். விலை 1,495 டாலர். இதுவும் சிறு தொகையன்று. ஆயினும் ஓர் இசைக்குழுவால் முயன்று வாங்கக்கூடிய விலையாக இருந்தது. அதுவரை பெரும்பாலும் ஒலிப்பதிவுத் துறையினருக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் நேரடியாக விற்கப்பட்டு வந்த சிந்தசைசர், டேவிட் வான் கோவரிங் என்னும் விற்பனையாளரின் முயற்சியால் இசைக்கருவிக் கடைகளில் இடம்பெறத் தொடங்கியது.

உருத்திரிந்த ஒலி

மினிமோக்கின் ஒலி ராக் இசைக்குழுக்களைக் கவர்ந்ததற்கு அதன் வடிப்பான் முக்கியக் காரணம் ஆகும். டிரான்சிஸ்டர் இணைகளை ஏணிப்படிகள் போல் அடுக்கி மோக் வடிவமைத்த இவ்வடிப்பானுக்கு 1969 இல் காப்புரிமை வழங்கப்பட்டது. குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு மேற்பட்ட ஒலிகளை இது ஒரு ஸ்தாயிக்கு 24 டெசிபல் வீதம் குறைக்கிறது.

எந்த மின்சுற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. அதனை மீறிய குறிகை உள்ளே வந்தால் அலையின் முகடுகள் தட்டையாகின்றன. அவ்வாறு தட்டையான அலையில் மூல ஒலியில் இல்லாத மேற்சுரங்கள் தோன்றுகின்றன. இதுவே உருத்திரிபு எனப்படும் டிஸ்டார்ஷன். மினிமோக்கில் மூன்று அலையியற்றிகளின் ஒலியும் கலந்து செல்லும்போது வடிப்பானுக்குக் கருதியதைவிட மிகுதியான அளவில் குறிகை சென்றது. இது திட்டமிடப்பட்டதன்று, கணக்கில் நேர்ந்த பிழையே என்று பிற்காலத்தில் மோக் விளக்கினார். ஏணி வடிப்பானில் முகடுகள் திடீரென வெட்டுப்படாமல் படிப்படியாக மழுங்குவதால், ஒலி கரகரப்பாக மாறாமல் தடித்து ஒலித்தது. கலைஞர்கள் இதனை விரும்பியதால் பிழை திருத்தப்படாமலேயே விடப்பட்டது.

கலைஞர்கள் இதற்கு மேலும் ஒரு வழியைக் கண்டனர். வெளியிலிருந்து கிதார் போன்ற கருவிகளின் ஒலியை உட்செலுத்த மினிமோக்கில் ஓர் உள்ளீடு உண்டு. கருவியின் சொந்த வெளியீட்டையே ஒரு கம்பியால் அவ்வுள்ளீட்டில் இணைத்தால், ஒலி மீண்டும் வடிப்பானுக்குள் சென்று கூடுதலாக உருத்திரியும். எவ்வளவு திரிய வேண்டும் என்பதை ஒரு குமிழைத் திருகி முடிவு செய்யலாம். இதற்குத் தனிக் கருவி எதுவும் வாங்கத் தேவையில்லை.

இசைக்குழுக்களில்

ஜாஸ் கலைஞர் சன் ரா, விற்பனைக்கு முந்தைய மாதிரி ஒன்றையே பெற்று இசைத்தார். ஜான் மெக்லாலின் தலைமையிலான மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவில் யான் ஆமர், சுரத்தை வளைக்கும் சக்கரத்தைக் கொண்டு மினிமோக்கை மின்கிதார் போல் ஒலிக்கச் செய்தார். செருமனியின் கிராப்ட்வெர்க் குழு 1974 இல் வெளியிட்ட ஆட்டோபான் இசைத்தட்டிலும் இக்கருவி இடம்பெற்றது. பார்லிமென்ட் குழுவின் பெர்னி வோரெல், 1977 இல் பாஸ் கிதாருக்கு மாற்றாக மினிமோக்கைப் பயன்படுத்தினார். 1981 வரையான காலத்தில் 12,000 க்கும் மேற்பட்ட மினிமோக்குகள் செய்யப்பட்டன.

நிறுவனம் கைமாறுதல்

மினிமோக்கின் வெற்றி மோக்கைச் செல்வந்தராக்கவில்லை. அது பரவலாக விற்கத் தொடங்கும் முன்னரே, கடன் நெருக்கடியால் 1971 இல் தமது நிறுவனத்தைப் பில் வேட்டேனா என்னும் முதலீட்டாளரிடம் ஒப்படைக்க நேர்ந்தது. தொழிலகம் பஃபலோ நகருக்கு அருகே மாற்றப்பட்டது. 1973 இல் நிறுவனம் நார்லின் குழுமத்திற்கு விற்கப்பட்டது. தாம் தொடங்கிய நிறுவனத்தில் ஊழியராகவே பணியாற்றிய மோக், 1977 இல் அதிலிருந்து விலகினார். ஆனால் மோக் என்ற பெயர் நிறுவனத்திடமே இருந்தது. தமது சொந்தப் பெயரில் கருவி விற்கும் உரிமை அவருக்கு இல்லாமல் போனது. மினிமோக்கைவிட எளிய பிராடிஜி (1979), ரோக் (1981) முதலிய கருவிகள் அவர் விலகிய பின்னரே அப்பெயரில் வெளிவந்தன. 1980களில் சப்பானிய நிறுவனங்களின் எண்ணிமக் கருவிகள் சந்தையைக் கைப்பற்றியதும் அந்நிறுவனம் உற்பத்தியை நிறுத்தியது.

பிற்காலம்

1978 இல் மோக் வட கரோலினா மாநிலத்தின் ஆஷ்வில் நகருக்கு அருகே குடியேறி, பிக் பிரையர் என்ற பெயரில் சிறு நிறுவனத்தைத் தொடங்கித் தெரமின் முதலிய கருவிகளைச் செய்தார். 1984 முதல் 1988 வரை கர்ஸ்வைல் இசைக்கருவி நிறுவனத்தில் பணியாற்றினார். பின்னர் ஆஷ்வில் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் இருந்தார்.

1998 இல் மூகர்ஃபூகர் என்னும் வரிசையில், காலால் இயக்கும் சிறு பெட்டிகளை வெளியிட்டார். முதற்பெட்டியில் இருந்தது அதே ஏணி வடிப்பான். உள்ளே செல்லும் குறிகையை மிகுவிக்கும் குமிழ் ஒன்றும் அதில் இருந்தது. முன்னர் பிழையாக அமைந்த உருத்திரிபை, கிதார் கலைஞரும் மலிவான விசைப்பலகை வைத்திருப்பவரும் தம் தேவைக்கேற்பப் பயன்படுத்த இது வழி செய்தது.

சட்டப் போராட்டத்திற்குப் பின் 2002 இல் மோக் தமது பெயரை மீட்டார். பிக் பிரையர் நிறுவனம் மோக் மியூசிக் எனப் பெயர் மாற்றப்பட்டது. மினிமோக் வாயேஜர் என்னும் புதிய கருவியும் அப்பெயருடன் வெளிவந்தது. 2001 இல் சுவீடனின் போலார் இசைப் பரிசும், 2002 இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருதும் இவருக்கு வழங்கப்பட்டன.

மறைவும் நினைவும்

2005 ஏப்ரலில் மோக்கிற்கு மூளைப் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் 21 அன்று ஆஷ்வில்லில் தமது 71 ஆவது வயதில் காலமானார். 2006 இல் இவர் பெயரில் அறக்கட்டளை ஒன்று நிறுவப்பட்டு, மாணவர்களுக்கு ஒலியியலை இசை வழியே கற்பிக்கும் பணியை மேற்கொண்டது. ஏணி வடிப்பானின் காப்புரிமைக் காலம் முன்னரே முடிந்துவிட்டதால், இன்று பல நிறுவனங்கள் அதே சுற்றமைப்பைக் கொண்டு குறைந்த விலையில் கருவிகள் செய்கின்றன. கணினி மென்பொருள்களும் அதன் உருத்திரிபைக் கணித முறையில் உருவாக்குகின்றன. 1971 இல் 1,495 டாலருக்குக் கிடைத்த ஒலி, இவற்றின் வழியே மாணவர்களுக்கும் எட்டும் விலையில் கிடைக்கிறது.