டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

நம்ம மதுரைக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்தவர் இவர். ஆம்பளைப் பசங்க மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் சேர்ந்து, பிறகு சென்னையில் 1912-ல் டாக்டரானார். சட்டசபைக்குப் போன கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

1923-ல் தங்கை புற்றுநோயில் இறந்தார். டாக்டரா இருந்தும் காப்பாத்த முடியலை! குணமாகாத நோய்க்கு ஆஸ்பத்திரி எதுக்கு என்று பலர் நினைத்த காலம் அது. விடாமல் பணம் திரட்டி, 1954-ல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை திறந்தார். அப்போ வயசு 67!

நம் டி.என்.ஏ.வில் சுமார் 8 சதவீதம் ஆதிகால வைரஸ்களின் மிச்சமாம். மார்பகப் புற்றுநோய் செல்களில் அதில் சில விழித்துக்கொள்வதை விஞ்ஞானிகள் பார்த்திருக்கிறார்கள். அதுதான் காரணமா என்பது இன்னும் முடிவாகலை. 1968-ல் மறைந்த அவருக்கு இதெல்லாம் தெரியாது. ஆனா அந்த ஆஸ்பத்திரிக்கு இப்பவும் நம்ம ஊர்ச் சனங்க ரயிலேறிப் போறாங்க.