விக்கிரம் சாராபாய்

விக்கிரம் அம்பாலால் சாராபாய் (ஆகஸ்டு 12, 1919 - டிசம்பர் 30, 1971) இந்திய இயற்பியலாளர் ஆவார். இந்திய விண்வெளித் திட்டத்தின் தந்தை எனப் போற்றப்படும் இவர், நெசவாலைத் தொழிலுக்கான ஆய்வு நிறுவனம் ஒன்றையும் உருவாக்கியவர்.

வாழ்க்கைக் குறிப்பு

அகமதாபாத்தில் காலிகோ ஆலையை நடத்திவந்த அம்பாலால் சாராபாய், சரளாதேவி இணையருக்குப் பிறந்தார். கேம்பிரிட்ஜில் 1940 இல் பட்டம் பெற்றார். உலகப்போர் காரணமாக நாடு திரும்பி, பெங்களூரில் ச. வெ. இராமனின் கீழ் அண்டக்கதிர்களை ஆராய்ந்தார். 1942 இல் நடனக் கலைஞர் மிருணாளினியை மணந்தார். 1947 இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார்.

நெசவுத்தொழில் ஆய்வு

1947 இல் அகமதாபாத்தில் இயற்பியல் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். அதே ஆண்டில் தொடங்கப்பட்ட அகமதாபாத் நெசவுத்தொழில் ஆய்வுச் சங்கத்தை (அட்டிரா) 1956 வரை வழிநடத்தினார். தம்முள் போட்டியிடும் ஆலைகள் ஒரே ஆய்வகத்தின் செலவைப் பகிர்ந்துகொள்வது அன்று புதுமையானது. நெசவில் முன்னனுபவம் இல்லாத இளம் அறிவியலாளர்களையே இவர் பணியமர்த்தினார். ஆலையின் பழக்கவழக்கங்களை அவர்கள் கேள்விக்குட்படுத்த வேண்டும் என்பதே நோக்கம். கோவை, திருப்பூர் வட்டார நூற்பாலைகளுக்கு உதவும் சிட்ராவும் (கோயம்புத்தூர், 1956) இத்தகைய கூட்டு ஆய்வு அமைப்பே.

விண்வெளித் திட்டம்

ஓமி பாபாவின் ஆதரவுடன் 1962 இல் விண்வெளி ஆய்வுக்கான தேசியக் குழு இவர் தலைமையில் அமைந்தது. புவிக் காந்த நடுக்கோட்டிற்கு அருகில் இருந்ததால், திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவச் சிற்றூர் ஏவுதளமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அக்கோட்டிற்கு மேலே நூறு கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி ஓடும் மின்னோட்டத்தைப் பலூன்களால் எட்ட முடியாது. செயற்கைக்கோள்களுக்கோ அது மிகத் தாழ்ந்த உயரம். எனவே ஆய்வு ஏவூர்திகளே வழியாயின. மீனவக் குடும்பங்கள் தம் வீடுகளையும் வழிபட்ட ஆலயத்தையும் விட்டு வேறிடம் பெயர்ந்தன. திட்டத்தின் வரலாற்றில் அவர்களின் பங்கு குறைவாகவே பேசப்படுகிறது. புனித மகதலா மரியாள் ஆலயம் அலுவலகமாயிற்று. ஏவூர்திப் பாகங்கள் மிதிவண்டியிலும் கொண்டுசெல்லப்பட்டன. நவம்பர் 21, 1963 அன்று அமெரிக்காவின் நைக்-அப்பாச்சி ஏவப்பட்டது. நான்கு ஆண்டுகளில், 75 மில்லிமீட்டர் விட்டமே கொண்ட உள்நாட்டு ரோகிணி பறந்தது.

வறிய நாட்டிற்கு விண்வெளி எதற்கு என்ற கேள்வி அன்று வலுவாக எழுந்தது. தொலைத்தொடர்பு, வானிலை, கல்வி ஆகியவற்றிற்கு என்பதே சாராபாயின் நிலைப்பாடு. பாபா மறைந்த 1966 இல் அணுசக்தி ஆணையத் தலைமையும் இவரிடம் வந்தது. ஆகஸ்டு 15, 1969 இல் இந்திய விண்வெளி ஆய்வு மையம் (இஸ்ரோ) உருவானது. அவ்வாண்டில் நாசாவுடன் செய்துகொண்ட உடன்பாட்டின் பயனாக, 1975-76 இல் ஏறத்தாழ 2,400 ஊர்களுக்குச் செயற்கைக்கோள் வழியே கல்வி ஒளிபரப்பு நடந்தது.

மறைவு

அவ்வொளிபரப்பையும், 1975 இல் ஏவப்பட்ட ஆரியபட்டாவையும் சாராபாய் காணவில்லை. தும்பா பணிகளுக்காக வந்திருந்தபோது, கோவளத்தில் தங்கியிருந்த இடத்தில் தம் 52 ஆம் அகவையில் காலமானார். 1972 இல் பத்ம விபூசண் விருது வழங்கப்பட்டது. ஆகஸ்டு 23, 2023 இல் நிலவின் தென்முனைப் பகுதியில் இறங்கிய சந்திரயான்-3 தரையிறங்கி இவர் பெயரால் விக்கிரம் என அழைக்கப்பட்டது.