கோபாலகிருஷ்ண பாரதியாரின் இசைவாழ்வு

திருநாளைப்போவார் நாயனாரின் வரலாற்றை எழுத்தறியாத உழவரும் சிறுவரும் அறிந்திருப்பது சேக்கிழார் பெருமானின் திருவாக்கினால் என்று சொல்லிக்கொள்ளச் சைவராகிய நமக்கு ஆசையுண்டு. உண்மை அதுவன்று. கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளே அவ்வரலாற்றைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டு சென்றன. அவரோ நிலபுலம் உடையவரல்லர். அரசாங்க ஊதியம் பெற்றவருமல்லர். பாடுவது ஒன்றையே தொழிலாகக் கொண்டு, பாடியே உண்டு, முதுமை வரை வாழ்ந்தவர்.

நாகைக்கு அணித்தாகிய நரிமணத்தில், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இசைப்பயிற்சியைக் குடிவழியாக உடைய அந்தணர் மரபில் அவர் தோன்றினார். முடிகொண்டானிலும் வாழ்ந்தமையால் அவ்வூர்ப் பெயரும் அவரோடு சேர்ந்தது. மாயூரத்தில் கோவிந்த யதி என்னும் துறவியாரிடம் வேதாந்தமும் யோகநெறியும் பயின்றார். திருவிடைமருதூரில் தங்கியிருந்த மராட்டிய அரச குடும்பத்தாரின் அவையில் இராமதாசர் என்னும் வடநாட்டு இசைவாணர் இருந்தார். அவரிடம் இந்துஸ்தானி இசையும் கற்றார். அவ்வவையிலேயே கனம் கிருஷ்ணையர் போன்ற பெரும் பாடகர் விளங்கினர். அங்கேயே ஓரிடம் தேடிக்கொள்வது இளைஞராகிய பாரதியார்க்கு எளிதாக இருந்திருக்கும். அவர் அதனைத் தேடவில்லை.

அக்காலத்து இசைவாணர்க்குச் சோறிட்ட கதவு பெரும்பாலும் அரண்மனைக் கதவே. தஞ்சையை நம்பி எத்தனையோ குடும்பங்கள் வாழ்ந்தன. 1855-ஆம் ஆண்டில் இரண்டாம் சிவாஜி மன்னர் ஆண்மகவின்றி மறையவே, அவ்வரசு கும்பினியார் கைப்பட்டது. கதவு சாத்தப்பட்டது. ஜமீன்களை நாடிச் சிலரும் சென்னைப் பட்டினத்தை நாடிச் சிலரும் சென்றனர். அரண்மனையை நம்பியிராத பாரதியாரோ இருந்த இடத்திலேயே இருந்தார்.

அவர் இருந்த இடம் மாயூரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரம். அவ்வூர்ச் செல்வரான அண்ணுவையர் அவரை அன்புடன் ஆதரித்து உண்டியும் உறையுளும் அளித்தார். பாரதியார் மணம் செய்துகொள்ளாதவர். வேண்டுவனவும் மிகச் சில. கையில் இருந்த பொருளோ ஒன்றுதான்: அடியார் வரலாறுகளைப் பல நாள் தொடர்ந்து கதையாக விரித்துப் பாடும் ஆற்றல். ஒரு கீர்த்தனம் ஒரு நாழிகையில் தீரும். ஒரு சரித்திரமோ பல இரவுகள் ஓர் ஊரைக் கட்டி நிறுத்தும். அதற்கு அரசர் வேண்டா. ஒரு திண்ணையும் ஒரு பந்தலும், எண்ணெய் வார்க்க ஓர் அன்பரும் போதும். திருநீலகண்ட நாயனார், இயற்பகை நாயனார், காரைக்கால் அம்மையார் ஆகியோரின் வரலாறுகளை இவ்வாறே அவர் பாட்டாக்கினார். இத்தனை சிவகீர்த்தனங்களிலும் அவர் இட்ட முத்திரை கோபாலகிருஷ்ணன் என்பதே. பாடுபவர் சிலர் இதனைக் கேட்டு மயங்குவதுண்டு.

திருவையாற்றில் தியாகராச சுவாமிகளைக் கண்டபோது, ஆபோகி இராகத்தில் பாடியதுண்டா என்று அப்பெரியார் வினவ, அன்றே தில்லைச் சபாபதியின்மேல் அவ்விராகத்தில் ஒரு கீர்த்தனம் இயற்றிப் பாடினார் என்று கூறுவர். பாடி வாழ்வோர்க்கு உடனே விடை தரும் நா வேண்டும். அஃது அவர்க்கு இருந்தது.

நந்தனார் சரித்திரமே அவருடைய தலையாய நூல். கண்ணி, நொண்டிச்சிந்து, இருசொல் அலங்காரம் எனப் பாமரர் காதுக்குப் பழகிய வடிவங்களை அதில் நிரப்பினார். பெரியபுராணத்தில் இல்லாத வேதியர் ஒருவரையும் அதில் புகுத்தினார். அவர் பண்ணைக்கு உடையவர். தில்லைக்குச் செல்ல விடை கேட்கும் நந்தனாரை அதட்டி நிறுத்துபவர். முதல்நூலைக் கடந்த இச்செயல் சைவப் புலவர்க்கு உவப்பன்று. ஆயினும் ஒன்றை நினைத்தல் வேண்டும். பாரதியார் உண்ட சோறு நிலமுடையார் இட்ட சோறு. அவருடைய கதையைக் கேட்க அமர்ந்தவர்களில் நிலமுடைய அந்தணரும் பலர். அவர்கள் முன்னிலையில், அவர்கள் குலத்தவரே பண்ணையாளுக்குச் செய்யும் கொடுமையை இரவு தோறும் பாடுதல் பிழைப்புக்கு ஏற்ற செயலன்று. அதனை அவர் பாடினார். கேட்டவர்களும் கண்ணீர் விட்டுக் கேட்டனர்.

நாகப்பட்டினத்தில் கந்தப்பச் செட்டியார் இல்லத்தில் பல நாள் இச்சரித்திரம் நிகழ்ந்தது. அதன் புகழ் அண்மையிலுள்ள காரைக்காலுக்கு எட்டியது. புதுவையைப் போலக் காரைக்காலும் அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். அங்கிருந்த சீசு என்னும் பிரெஞ்சு அதிகாரி இதில் ஈடுபட்டு, 1860-களின் தொடக்கத்தில் நூல் அச்சேற உதவினார். 1748-ஆம் ஆண்டில், தூப்ளே ஆண்ட நாளில், இப்புதுவை நகரத்து வேதபுரீசர் திருக்கோயில் இடிக்கப்பட்டதையும் அதனை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்ததையும் நம்மவர் அறிவர். நூறாண்டு சற்றே கடந்ததும் அதே அரசின் அதிகாரி ஒருவர் சிவனடியார் சரித்திரத்துக்குப் புரவலரானார். திருவருளின் போக்கை யாரே அறிவார்!

அச்சேறும் நூலுக்குப் புலவர் ஒருவரின் சிறப்புப்பாயிரம் இருப்பது அந்நாள் வழக்கம். பாரதியார் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை நாடி மாயூரம் சென்றார். இலக்கண வழுக்கள் மலிந்தமையும் சேக்கிழார் வாக்கினின்றும் கதை விலகியமையும் கண்ட பிள்ளையவர்கள் பாயிரம் தர உடன்படவில்லை. பாரதியார் சினக்கவில்லை, பலமுறை வந்து வந்து காத்திருந்தார். ஒருநாள் பிள்ளையவர்கள் உள்ளே இளைப்பாறிக் கொண்டிருக்க, திண்ணையில் அமர்ந்து தம் கீர்த்தனங்களைத் தமக்குள்ளே பாடலானார். அப்பாட்டில் இருந்த உருக்கம் உள்ளிருந்தவரை அசைத்தது. வெளிவந்த பிள்ளையவர்கள் மனம் கரைந்து பாயிரச் செய்யுள் தந்தனர். இலக்கணம் காத்த புலவர் இறங்கி வந்ததையும், மறுக்கப்பட்டும் மனங்கோணாது காத்திருந்த பாடகரையும் ஒருங்கே வியத்தல் தகும்.

முதுமையில் அவர் குரல் இனிமை குன்றியிருந்தது. குரல் ஒன்றையே முதலாகக் கொண்டவர்க்கு இதுவே முடிவாகும். பாரதியாரோ மாயூரத்தில் இசை கற்பித்தார். 1871-ஆம் ஆண்டில் பிள்ளையவர்களிடம் தமிழ் கற்க வந்த உ. வே. சாமிநாதையர் அவரிடமும் சிலகாலம் இசை பயின்றார். இசையில் மனம் சென்றால் தமிழில் ஊக்கம் குறையும் என்று ஆசிரியர் கருதியதனால் அப்பயிற்சி நின்றது. பின்னாளில் பாரதியாரின் வரலாற்றை நூலாக எழுதிக் காத்தவர் அம்மாணவரே.

19-ஆம் நூற்றாண்டு முடியுமுன் பாரதியார் சிவபதம் எய்தினார். மனைவி மக்கள் இலர். ஆனால் அவர் பாட்டால் உண்டவர் பலர். தஞ்சைக் கிருஷ்ண பாகவதர் நந்தனார் கதையைப் பாடிப் பெரும்புகழ் பெற்றார். 1935-இல் வெளிவந்த திரைப்படத்தில் நந்தனாராக நடித்த கே. பி. சுந்தராம்பாள் அம்மையார் அதற்கு இலட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார். 1942-இல் அவ்வேடம் பூண்டு பாடிய எம். எம். தண்டபாணி தேசிகர், நாளைப்போவார் எல்லையில் நின்று ஏங்கிய அந்தத் தில்லையிலேயே, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசையாசிரியராக அமர்ந்து பல்லாண்டு கற்பித்தார்.