ஹெமிங்வேயின் 38 அடி காதல்... ‘பிலார்’ படகின் கதை!

யூடியூப்ல ஆழ்கடல் மீன்பிடி வீடியோ பார்க்குற ஆளா நீங்க? அதுல ரெண்டு உடலை ஒட்டவெச்ச மாதிரி ஒரு படகு வரும். அதுக்குப் பேர் ‘கேட்டமரான்’. நம்ம கட்டுமரம்தான் இங்கிலீஷ்காரங்க வாயில போய் அப்படி ஆகிடுச்சு. உயிருள்ள இரைமீன் நீந்துற தொட்டி, மேலே ஏறி நின்னு ஓட்டுற தளம், ரெண்டு பக்கமும் கொம்பு மாதிரி நீட்டிக்கிட்டு தூண்டில் நரம்பைத் தள்ளிப் பிடிக்கிற அவுட்ரிகர்னு அதுல எல்லாமே ரெடிமேடா இருக்கும்.

இதையெல்லாம் 1930-கள்லயே தன்னோட ஒற்றை உடல் மரப்படகுல ஒவ்வொண்ணா சேர்த்துக்கிட்டவர் ஒரு எழுத்தாளர். பேர், எர்னஸ்ட் ஹெமிங்வே.

1899-ல் அமெரிக்காவின் ஓக் பார்க்கில் பிறந்தவர். முதல் உலகப்போரில் ஆம்புலன்ஸ் ஓட்டப்போய் காயம்பட்டவர். முப்பது வயதுக்குள் நாவலாசிரியராகப் புகழும் வந்துவிட்டது. 1934-ல் ஆப்பிரிக்க வேட்டைப் பயணம் முடித்து வந்த கையோடு, நேராக நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த வீலர் படகுத்துறைக்குப் போனார். விலை 7,495 டாலர். கையில் அவ்வளவு காசு கிடையாது. ‘எஸ்கொயர்’ பத்திரிகைக்கு இனிமேல் எழுதப்போகும் கட்டுரைகளுக்கு முன்பணம் வாங்கித்தான் ஆர்டர் கொடுத்தார். எழுதாத கட்டுரையை நம்பி ஒரு படகு!

ஆர்டரிலும் ஏகப்பட்ட கண்டிஷன். உடல் முழுக்கக் கறுப்பு பெயின்ட். 75 குதிரைத்திறனில் பெரிய இன்ஜின், தூண்டிலை மெதுவாக இழுத்துப் போக 40 குதிரைத்திறனில் இன்னொன்று. பெரிய மீனை இழுத்துப் போட வசதியாகப் பின்பக்க விளிம்பை ஓர் அடி தாழ்த்தி, அதன் மேல் ஒரு மர உருளை. இரண்டாவது மனைவி பாலினின் செல்லப்பெயரான ‘பிலார்’தான் படகுக்கும் பெயர். மனைவிகள் மாறினார்கள், படகு மாறவே இல்லை.

1935 ஏப்ரலில், கீ வெஸ்ட்டிலிருந்து பஹாமாஸின் பிமினி தீவுக்குக் கிளம்பினார். வழியில் தூண்டிலில் சுறா மாட்டியது. கொக்கி போட்டு இழுத்துக்கொண்டே கைத்துப்பாக்கியால் சுட முயன்றபோது குண்டு படகின் பித்தளைப் பட்டையில் பட்டுத் தெறித்து, அவருடைய இரண்டு கால்களிலும் பாய்ந்தது. தன்னைத் தானே சுட்டுக்கொண்ட இந்தச் சொதப்பலையும் விடாமல் ‘எஸ்கொயர்’ கட்டுரையாக்கிவிட்டார். படகுக் கடனை அடைக்க வேண்டாமா!

பிமினியில் நடந்தது இன்னும் மோசம். நண்பரும் ஓவியருமான ஹென்றி ஸ்ட்ரேட்டர் ஒரு ராட்சத மார்லினோடு போராடிக்கொண்டிருந்தார். சுறாக்கள் நெருங்க, ஹெமிங்வே இயந்திரத் துப்பாக்கியை எடுத்துச் சுடத் தொடங்கினார். உதவிதான் நோக்கம் என்றார். ஆனால், கடலில் கலந்த ரத்தம் இன்னும் பல சுறாக்களை அழைத்துவந்தது. மேலே வந்தபோது மார்லினின் பாதி காணோம். ஸ்ட்ரேட்டர் அதை மன்னிக்கவே இல்லை. நண்பனுக்குத் தன்னைவிடப் பெரிய மீன் கிடைப்பதைத் தாங்க முடியாத பொறாமையும் அதில் இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சுறா தின்று மிச்சம்வைத்த மீன் அவரை விடவில்லை. கியூபக் கடலில் தனியாகப் போன ஒரு கிழவரை மார்லின் இரண்டு நாள் இழுத்துப்போன கதையை, பிலாரில் உடன்வந்த கார்லோஸ் குட்டியெரஸ் சொல்லியிருந்தார். 1936-ல் அது ஒரு கட்டுரையில் சில வரிகளாக வந்தது. 16 வருடம் கழித்து ‘கிழவனும் கடலும்’ நாவலானது. 1952-ல் ‘லைஃப்’ இதழ் அதை முழுசாக வெளியிட, இரண்டே நாளில் 50 லட்சம் பிரதிகள் காலி. 1953-ல் புலிட்சர், 1954-ல் நோபல்.

இடையில் ஒரு சினிமா சீனும் உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது, அமெரிக்கத் தூதரகத்தின் ஆதரவோடு பிலாரில் கையெறி குண்டுகளை ஏற்றி, ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தேடி அலைந்தார். மீன்பிடி படகென நம்பி நீர்மூழ்கி பக்கத்தில் வந்தால் உள்ளே குண்டு வீசுவது பிளான். ஒன்றுகூட சிக்கவில்லை. மீன்தான் சிக்கியது.

1960-ல் கியூபாவை விட்டுக் கிளம்பினார். உடல்நலக் குறைவு, மனச்சோர்வு, எழுத வராத கை. 1961 ஜூலை 2-ல், கடலே இல்லாத ஐடஹோ மாநிலத்தின் கெட்சம் ஊரில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 61.

சேதி கேட்ட கோஹிமார் மீனவர்கள் தங்கள் படகுகளின் பழைய புரொப்பல்லர்களையும் வெண்கலச் சாமான்களையும் கொடுத்து, உருக்கி, அவருக்கு ஒரு மார்பளவு சிலை செய்தார்கள். அது இன்றும் அந்தக் கரையில் இருக்கிறது. பிலார், ஹவானாவுக்கு அருகே அவர் வாழ்ந்த வீட்டின் தோட்டத்தில், ஒரு கூரைக்குக் கீழே தரையில் நிற்கிறது.