மருத்துவப் பேராசான் ஆஸ்லர்

மேற்குத் தொடர்ச்சி மலை அரணாக நிற்க, முல்லையாறு பாய்ந்து வளஞ்செய்யும் நிலம் கம்பம் பள்ளத்தாக்கு. மழைக்காலத்தில் குளிர்காற்று வீசும்போது, ஏனைய ஊர்களிற்போலவே அங்கும் முதியோரை இன்ஃபுளுவென்சா என்னும் சளிக்காய்ச்சல் பற்றுவதுண்டு. பலருக்கு அது சில நாளில் நீங்கிவிடும். அரிதாகச் சிலருக்கோ, நீங்கியதுபோலத் தோன்றி, கடுஞ்சுரமும் மூச்சுத்திணறலுமாக மீண்டும் மூளும். இதுவே நிமோனியா என்னும் நுரையீரல் அழற்சி. இந்நோயின் இயல்பைப் பிறர்க்கு உணர்த்தி, முடிவில் நுரையீரல் நோய்க்கே இரையான பெரியார் ஒருவர் உண்டு. அவரே வில்லியம் ஆஸ்லர்.

ஆஸ்லர் 1849ஆம் ஆண்டு கனடா நாட்டில் சமயகுரு ஒருவரின் மகனாகப் பிறந்தார்; 1872இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1889இல் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் தலைமை மருத்துவரானார். அக்காலத்து மாணவர் பலர் நூலறிவோடு அமைந்துவிடுவர். ஆஸ்லரோ அவர்களை நோயாளியின் கட்டிலருகே அழைத்துச் சென்று, கூர்ந்து நோக்கவும் நாடி பார்க்கவும் மார்பின் ஒலியைக் கேட்கவும் பழக்கினார்.

1892இல் அவர் இயற்றிய மருத்துவ நூல் பல நாடுகளில் பாடநூலாயிற்று. அதில் நிமோனியாவை முதுமையின் தனிப்பகை எனக் குறித்தார். பின்வந்த பதிப்பில், நெடுந்துன்பமின்றி முடிவு தருதலால் அதனை முதியோரின் நண்பன் எனினும் பொருந்தும் என்று எழுதினார்.

1905இல் ஆக்ஸ்ஃபோர்டுப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1917இல் அவருடைய ஒரே மகன் போர்க்களத்தில் மாண்டான். அடுத்த ஆண்டே இன்ஃபுளுவென்சா உலகெங்கும் பரவியது; இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மடிந்தனர். அந்நோயின் வைரஸ் மூச்சுக்குழலின் உட்சவ்வைச் சிதைக்கும். அவ்வழியே தொண்டையிலுள்ள பாக்டீரியாக்கள் நுரையீரலுள் இறங்கும். அன்று இறந்தோருள் மிகப் பலர் இவ்வாறு வந்த நிமோனியாவுக்கே பலியாயினர். இருமும் வலிமையும் நோயை எதிர்க்கும் ஆற்றலும் குன்றிய முதியோர்க்கு இத்துன்பம் மிகுதி.

1919இல், எழுபதாம் வயதில், ஆஸ்லரைச் சளியும் சுரமும் பற்றின. நிமோனியா தொடர்ந்தது; நுரையீரலைச் சூழ்ந்து சீழ் கட்டியது. அறுவைச் சிகிச்சையும் பயன் தரவில்லை. நோயின் போக்கைப் படுக்கையிலிருந்தே கணித்துவந்த அவர், தம் உடலை ஆய்ந்து காணும் வாய்ப்பு மட்டும் தமக்கு இல்லையே என வருந்தினாராம். அவ்வாண்டு டிசம்பர் 29ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது.

பெனிசிலின் அன்று கண்டுபிடிக்கப்படவில்லை. இன்று மருந்துகள் உள்ளன, தடுப்பூசிகளும் உள்ளன. ஆயினும் காலந்தாழ்த்தினால் மருந்தும் பயன்படாது. தணிந்த சுரம் முதியோர்க்கு மீண்டும் வருமாயின், முதுமையின் இயல்பென்று வாளா இராமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லல் வேண்டும். தேனி அரசு மருத்துவக் கல்லூரி மாணவரும் இன்று நோயாளியின் கட்டிலருகே நின்றுதான் மருத்துவம் கற்கின்றனர். ஆஸ்லர் வகுத்த நெறி இன்றும் உயிர்களைக் காத்து வருகின்றது.