பீ அம்மா எனும் ஆபாதி பானு பேகம்

கிலாபத் இயக்கத்தைப் பற்றிப் பேசுமிடத்து, மௌலானா முஹம்மது அலீ, மௌலானா ஷௌகத் அலீ ஆகிய சகோதரர்களை நாம் நினைவுகூராதிருப்பதில்லை. அவர்களை ஈன்ற அன்னையாரின் இயற்பெயர் ஆபாதி பானு பேகம் என்பதை நம்மில் அறிந்தோர் மிகச் சிலரே. நாடு அவரைப் பீ அம்மா என்றே அழைத்தது. அக்காலத்தில் வீதிதோறும் பாடப்பட்ட பாடலிலும் அவர் முஹம்மது அலீயின் தாயாகவே இடம்பெற்றார்.

ராம்பூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த அப்துல் அலீ கான் அவர்களை அம்மையார் மணந்தார். 1880ஆம் ஆண்டு கணவர் வஃபாத்தானபோது ஐந்து ஆண்மக்களும் ஒரு பெண்மகளும் இருந்தனர். கடைசி மகன் முஹம்மது அலீக்கு இரண்டு வயதும் நிறையவில்லை. இளம் வயதினராயிருந்தும் அம்மையார் மறுமணத்தை நாடவில்லை.

பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கல்வி அளிக்க அவர் விழைந்தார். குடும்பச் சொத்தை நிர்வகித்த உறவினரோ, அது மார்க்கத்திற்கு ஊறு விளைவிக்கும் எனக் கருதிப் பணம் தர மறுத்தார். அம்மையார் வாதிட்டுக் கொண்டிருக்கவில்லை. தம் நகைகளை அடகு வைத்துப் பிள்ளையைப் பரேலிக்குப் பயில அனுப்பினார். பரேலியிலிருந்து அலிகர், பின் 1898இல் ஆக்ஸ்ஃபோர்டு என முஹம்மது அலீயின் கல்வி வளர்ந்தது. முறையான பள்ளிக் கல்வி பெறாத ஒரு தாய் எடுத்த முடிவு இது! நகை அடகு வைத்த இச்செய்தியையும் மகன் எழுதிய தன்வரலாற்றின் வாயிலாகவே நாம் அறிகின்றோம்.

1915இல் ஆங்கில அரசு சகோதரர்கள் இருவரையும் காவலில் வைத்தது. நிபந்தனைக்கு உடன்பட்டு மக்கள் விடுதலை பெறுவதை அம்மையார் விரும்பவில்லை. 1917ஆம் ஆண்டு கல்கத்தாவில் கூடிய முஸ்லிம் லீக் மாநாட்டிற்குக் காவலிலிருந்த முஹம்மது அலீ தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் சார்பில் அன்னையாரே புர்கா அணிந்தவராய் அவையில் உரையாற்றினார்.

1921இல் கராச்சி வழக்கில் இருவருக்கும் ஈராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. முதுமையையும் பொருட்படுத்தாது அம்மையார் ஊர் ஊராகச் சென்று கிலாபத் நிதி திரட்டினார். பஞ்சாபில் ஒரு கூட்டத்தில், கூடியிருந்தோர் அனைவரும் தம் பிள்ளைகளே எனக் கூறி முகத்திரையை விலக்கினார். இதனை அவர் பர்தாவையே துறந்ததாகச் சிலர் கொள்வர். முதுமை எய்திய பெண்டிருக்கு மார்க்கம் அளித்துள்ள சலுகையை நாம் இவ்விடத்தில் மறத்தலாகாது.

1924 மார்ச் மாதம் துருக்கியிலேயே கிலாபத் ஒழிக்கப்பட்டது. எதற்காக ஊர் ஊராக அலைந்தாரோ அது மறைந்ததை அம்மையார் உயிருடனிருந்து காண நேர்ந்தது. அவ்வாண்டு நவம்பர் 13ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார்.