வால்டர் டாண்டி

மனித உடலில் மூளையைப்போல் காவல் மிக்க உறுப்பு வேறில்லை. அக்காவலே ஒரு காலத்தில் மருத்துவர்க்குப் பெருந்தடையாயிற்று. மண்டையோட்டினுள் கட்டி வளர்வதைக் கடுந்தலைவலி, பார்வைக்குறைவு முதலிய குறிகளால் ஊகித்தனர். ஆயின், அஃது எவ்விடத்தில் உள்ளது என அறிதல் அரிதாயிருந்தது. எக்ஸ்-கதிர்ப் படத்தில் எலும்பு தெரியுமேயன்றி மூளை தெரியாது. எனவே, மண்டையைத் திறந்தும் கட்டியைக் காணாது மூடிய நிகழ்ச்சிகள் பல.

இக்குறையைப் போக்க முனைந்தவர் வால்டர் டாண்டி. இவர் 1886ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் செடேலியா என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் இருப்புப்பாதைத் தொழிலாளர். பால்டிமோரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1910இல் பட்டம் பெற்ற டாண்டி, ஹார்வி குஷிங் என்னும் புகழ்மிக்க அறுவை மருத்துவரிடம் பணியாற்றினார். குஷிங் 1912இல் பாஸ்டன் சென்றபோது இவரை உடன் அழைத்துச் செல்லவில்லை. இருவருக்கும் இடையே தோன்றிய மனக்கசப்பு இறுதிவரை தீரவில்லை.

மூளையின் நடுவே நீர் நிறைந்த அறைகள் உள்ளன. அவற்றைப் படத்தில் காட்டவல்ல பொருளைச் செலுத்தினால், அவற்றின் வடிவம் புலப்படும் என டாண்டி எண்ணினார். பல மருந்து நீர்மங்களை நாய்களுக்குச் செலுத்திப் பார்த்தார்; நாய்கள் மாண்டன. குடலில் தங்கும் காற்று எக்ஸ்-கதிர்ப் படத்தில் தெளிவாகத் தெரிவதை அவருடைய தலைவர் ஹால்ஸ்டெட் அடிக்கடி சுட்டிக்காட்டுவார். மண்டை உடைந்த ஒருவரின் மூளையறைகளில் காற்றுப் புகுந்திருந்ததைக் காட்டும் படமும் 1913இல் வெளியாகியிருந்தது. நச்சற்றதும் எங்கும் கிடைப்பதுமான காற்றே தாம் தேடிய பொருள் எனத் துணிந்தார் டாண்டி.

மண்டையில் சிறு துளையிட்டு, ஊசியால் நீரைச் சிறிது சிறிதாக எடுத்து, அதே அளவு காற்றைச் செலுத்திப் படம் பிடித்தார். கட்டி எப்பக்கம் உள்ளதோ, அப்பக்கத்து அறை நசுங்கியோ விலகியோ தெரிந்தது. 1918இல் இம்முறையை வெளியிட்டார். இதனால் நோயாளிகள் கடுந்தலைவலியும் வாந்தியும் உற்றனர்; சிலர் உயிரும் இழந்தனர். குஷிங் இம்முறையை ஐயுற்றார். அவர் ஐயம் முற்றும் பிழையன்று. எனினும், கட்டியின் இடமறியாது மண்டையைத் திறப்பதினும் இது மேலென மருத்துவர் பலர் ஏற்றனர்.

டாண்டி முன்கோபி, உதவியாளர்கள் அவரைக் கண்டு அஞ்சினர். பேரறிஞர் யாவரும் பொறுமைக்கடல் அல்லர் போலும்! 1946இல் அவர் காலமானார்.

1971இல் இலண்டன் நகர்ப்புறத்து மருத்துவமனை ஒன்றில், கணிப்பொறியின் உதவியால் மூளையை அடுக்கடுக்காகக் காட்டும் படம் முதன்முதலாக நோயாளி ஒருவருக்கு எடுக்கப்பட்டது. அதன்பின் காற்று முறை படிப்படியாக வழக்கொழிந்தது. இன்று அத்தகைய படங்களை நோக்கி, பேச்சு, பார்வை முதலியவற்றுக்குரிய பகுதிகளைத் தவிர்த்து, ஊசி செல்லும் வழியை மருத்துவர் முன்னரே வகுத்துக்கொள்கின்றனர். பின்னர், மண்டையில் இடும் சிறு துளை வழியே மெல்லிய ஊசியைச் செலுத்திக் கட்டியின் துணுக்கொன்றை எடுத்து, அதன் இயல்பை நுண்ணோக்கியில் ஆராய்கின்றனர்.